இடாப்பில் நின்றுபோன பெயர்கள்

(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழாவில் பேச எழுந்தால் பெருமைகளைப் பேசுவதே வழக்கம். அதற்கு நமக்குக் குறைவில்லை. இந்த மண்டபத்திலே வைத்தியர்கள் இருக்கிறார்கள், சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், அதிபர்களும் ஆசிரியைகளும் வங்கி அதிகாரிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்த மலர் நிறையவே பேசும். நாம் இன்று பேச நினைப்பது இங்கே வராதவர்களைப் பற்றி. அழைப்பிதழ் அனுப்பியும் வராதவர்களை அல்ல, அழைப்பிதழே போகாதவர்களைச் சொல்கிறோம்.

உங்கள் ஆறாம் வகுப்பைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு வாங்கில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு இருந்தோம். ஒருத்தி டவுனிலிருந்து வந்தவள். மற்ற இருவரும் பசறைப் பக்கமோ, தெமோதரைப் பக்கமோ, ஸ்பிரிங்வெலிப் பக்கமோ தோட்டத்திலிருந்து விடியற்காலை இருட்டிலே இறங்கி பஸ் பிடித்து வந்தவர்கள். ஒன்பதாம் வகுப்பிலே அந்த வாங்கில் இரண்டு பேர். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிய நாளிலே ஒருத்தி. மற்ற இருவரும் எங்கே போனார்கள் என்று அன்று நாம் கேட்கவில்லை. வாங்கு விசாலமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டதும் உண்டு. அவர்கள் பெயருக்கு நேரே ஆசிரியை சில வாரங்கள் 'வரவில்லை' என்று குறித்தார். பிறகு சிவப்பு மையால் ஒரு கோடு. அத்தோடு சரி.

கல்வித் திணைக்களம் அதற்கு 'இடைவிலகல்' என்று பெயர் வைத்திருக்கிறது. நம்மில் பலர் பின்னாளில் ஆசிரியைகளாகி அந்தச் சிவப்புக் கோட்டை நம் கையாலேயே போட்டவர்கள். ஆகவே இதைப் பற்றிப் பேசும் கடமை நமக்கு உண்டு என்று நினைக்கிறோம்.

முதலில் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். தோட்டப் பிள்ளைகளின் கல்வி அரசாங்கத்தின் பொறுப்பாக நெடுங்காலம் கருதப்படவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஏற்பாடு செய்வதைத் தோட்டத் துரையின் கடமை என்றது. துரையின் கடமை என்பதால் துரைக்கு மனமிருந்தால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் பெரட்டுக்களத்துப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பத்து வயதுக்கு மேல் பிள்ளை கொழுந்துக் காட்டுக்குத்தான் என்பதை அந்தச் சட்டத்தின் வயதெல்லையே சொல்லிவிட்டது.

1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்குப் போகப் பாதை பிறந்தது. தோட்டத்துப் பிள்ளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு வர அதே அளவு அக்கறையோடு யாரும் பாதை போடவில்லை. 1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது நாடு முழுவதும் கொண்டாடியது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அப்போதும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. மூன்றே வருடத்தில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1960, 1961இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே நின்றன. தோட்டங்கள் அரசுடைமையான பின், 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. அதாவது, நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி வந்து ஒரு தலைமுறை கடந்த பிறகே தோட்டத்துப் பிள்ளைக்கு அது வந்து சேர்ந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்த அம்மா, அப்பா வீட்டில் இல்லையே என்று இன்று குறை சொல்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

அதன் பிறகு நடந்த நல்லவற்றையும் சொல்லத்தான் வேண்டும். 1980இல் இலவசப் பாடப்புத்தகம் வந்தது. 1993இல் இலவசச் சீருடைத் துணி வந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் நாட்டின் சீடா நிறுவன உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே படித்து, பயிற்சி பெற்று, தங்கள் தோட்டத்துக்கே ஆசிரியர்களாகத் திரும்பினார்கள். லயன் வீட்டிலிருந்து ஒரு அக்கா சேலை உடுத்திப் பள்ளிக்கூடத்துக்குப் போவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் காட்சியே ஒரு பாடமாக இருந்தது.

சட்டமும் மாறியது. 1998 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்ந்தது. அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. படிக்க வேண்டிய வயது 16, ஆனால் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14. பதினைந்து வயதுப் பிள்ளையைச் சட்டம் ஒரு கையால் வகுப்பறைக்கு இழுத்தது, மறுகையால் கடைக்கும் வீட்டு வேலைக்கும் வழிவிட்டது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் வேலைக்கு அமர்த்தும் வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில், டயகமையிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை ஒன்று தீக்காயங்களோடு உயிரிழந்த செய்தியை நாம் எல்லோரும் வாசித்தோம். அந்தப் பிள்ளையும் ஏதோ ஒரு பாடசாலை இடாப்பில் நின்றுபோன ஒரு பெயர்தான். மலையகம் முழுவதும் வீதியில் இறங்கி அழுதது. அப்போது நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோம். நம் வகுப்பிலிருந்து போனவர்கள் எந்த வீட்டில், எந்த அடுக்களையில் இருக்கிறார்கள்? நமக்குத் தெரியவில்லை.

சட்டம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, சீருடை இருக்கிறது. பிறகு ஏன் பிள்ளை நின்றுவிடுகிறது? நம் அனுபவத்தில், ஒரு பிள்ளை ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. பானை உடைவதற்கு முன் கீறல் விழுவதுபோல, விலகல் நடக்கும் இடங்கள் முன்கூட்டியே தெரியும்.

முதலாவது இடம், ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில். பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் மூன்றாம் வகைப் பாடசாலைகள். அதற்கு மேல் படிக்க வேறு பாடசாலை தேட வேண்டும். மடுல்சீமையிலோ, நமுனுகுலையிலோ, பூனாகலையிலோ உள்ள ஒரு பிரிவிலிருந்து அடுத்த பாடசாலைக்குப் போவதென்றால் தேயிலை மலை இறங்கி, தார் வீதிக்கு வந்து, நிற்காமல் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டி நிற்க வேண்டும். மாணவருக்குச் சலுகைப் பருவச்சீட்டு உண்டு, 2005இல் தொடங்கிய சிசுசெரிய பஸ் சேவையும் உண்டு. ஆனால் பஸ்ஸே ஏறாத தோட்டப் பாதைக்குப் பருவச்சீட்டால் என்ன பயன்?

இரண்டாவது இடம், பெண்பிள்ளை வயதுக்கு வரும் காலம். சடங்கு முடிந்து திரும்பி வரும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் திரும்புவதே இல்லை. பாடசாலையில் கதவுள்ள, தண்ணீருள்ள கழிவறை இல்லையென்றால் மாதத்தில் சில நாட்கள் வராமல் இருப்பாள். அந்தச் சில நாட்களில் விட்ட கணக்கு அடுத்த மாதம் புரியாது. 2024இல் அரசாங்கம் மாணவியருக்கு அணையாடைக்கான வவுச்சர் வழங்கத் தொடங்கியபோது சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அந்த இடத்தில்தான் அறுந்தது என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவர்கள் நாம்.

மூன்றாவது, வீட்டுப் பொறுப்பு. அம்மா மத்திய கிழக்குக்குப் போய்விடுகிறார். அப்பா தோட்டத்திலோ கொழும்பிலோ வேலை செய்கிறார். மூத்த பெண்பிள்ளை பதின்மூன்று வயதில் வீட்டுக்கு அம்மாவாகிறாள். வீடு தேடிப் போய்க் கேட்டால் பாட்டி சொல்லும் பதில் ஒன்றுதான். "டீச்சர், இவ போனா சின்னதுகள யாரு பாக்கிறது?" அந்தக் கேள்விக்கு வலயக் கல்வி அலுவலகத்துச் சுற்றறிக்கை எதிலும் பதில் இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கப் பிள்ளைக்காம்பரா நன்றாக நடந்தால், அக்காவின் படிப்பு தப்பும். கல்விக் கொள்கை பாடசாலை வாசலோடு நின்றுவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நான்காவது, சாதாரண தரம். குறிப்பாகக் கணிதம். உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். தமிழ் மொழிமூலம் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கற்பிக்க ஆசிரியர் இல்லாத பாடசாலையில் பதினொரு வருடம் இருந்த பிள்ளைக்கு அந்த ஒரு பாடம் வாழ்நாள் முழுவதும் நிற்கும் சுவராகிறது. ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க, கடந்த பத்தாண்டின் நடுவில் சுமார் 3,000 ஆசிரியர் உதவியாளர்களைச் சேர்க்கத் திட்டமிட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவு. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போதாத காசில் கற்பித்த அந்தப் பிள்ளைகளின் உழைப்பை மதிக்கிறோம். ஆனால் உயர்தரம் முடித்த பிள்ளையை, பயிற்சி கொடுக்கும் முன்னரே, ஆகக் குறைந்த சம்பளத்தில், ஆகக் கஷ்டமான பாடசாலைக்கு அனுப்புவது யாருக்கு நியாயம்?

இவை அனைத்துக்கும் அடியில் இருப்பது வறுமை. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டின் வறுமை வீதம் 14.3. பெருந்தோட்டத் துறையில் அது 33.8. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021 வரை போராட வேண்டியிருந்தது. அந்த வருமானத்தில் பிள்ளை வீட்டுக்கு அனுப்பக்கூடிய காசு பெரிய காசு. ஆகவே ஆடைத் தொழிற்சாலைக்கும் கொழும்புக் கடைக்கும் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லத் தயாரில்லை.

இத்தனைக்கும் மேலே அனர்த்தங்கள். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் பலர். அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அப்பிள்ளைகளின் உயிரைக் காத்தது பாடசாலை. பிறகு 2020 மார்ச்சிலிருந்து கொரோனா. லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் தொலைபேசிச் சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறியது வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது. சிக்னல் இருந்த இடத்திலும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் அப்பா வேலையால் வந்த பிறகு. அடுத்து 2022இன் பொருளாதார நெருக்கடி. அந்த மூன்று வருடங்களில் நின்ற பிள்ளைகளில் பலரை நாம் இன்னும் மீட்டெடுக்கவில்லை.

மற்ற நாடுகள் இதே சிக்கலுக்கு என்ன செய்தன என்று பார்ப்பதும் நல்லது. வங்காளதேசம் 1994இல் கிராமப்புறப் பெண்பிள்ளைகளுக்கு இடைநிலைக் கல்வி உதவித்தொகையை நாடு முழுவதும் விரித்தது. நிபந்தனைகள் மூன்று. நூற்றுக்கு 75 வரவு வேண்டும், பரீட்சையில் குறித்த புள்ளி எடுக்க வேண்டும், படிப்பு முடியும்வரை திருமணம் செய்யக்கூடாது. பணம் பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்குக்குப் போனது. மெக்சிகோ 1997இல் தொடங்கிய திட்டத்தில் வகுப்பு ஏற ஏற உதவித்தொகையும் ஏறியது, இடைநிலையில் ஆண்பிள்ளையைவிடப் பெண்பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்தது. ஏனென்றால் விலகும் அபாயம் எங்கே கூடுதலோ அங்கேதான் பணம் வேண்டும். நமது நாட்டிலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கிடைக்கிறது, அது நல்லது. விலகிப் போகக்கூடிய பிள்ளை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். 2022 முதல், அரசுப் பாடசாலையில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் நடக்கிறது. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. இடைநிலையில் சேரும் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 30 சதவீதம் கூடியதாகவும், பாடசாலை தூரமாக இருந்த ஊர்களில் பலன் அதிகம் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் பசறை மலைப்பாதையில் சைக்கிள் ஓடாது. ஆனால் அந்த அனுபவம் நமக்குச் சொல்வது என்னவென்றால், சில வேளைகளில் பிள்ளைக்கும் படிப்புக்கும் நடுவில் இருப்பது வெறும் நான்கு கிலோமீற்றர் மட்டும்தான். பீகாரில் சைக்கிள் செய்ததை இங்கே ஒரு வான், அல்லது பாடசாலைக்கு அருகில் ஒரு விடுதி செய்யலாம்.

நம் நாட்டிலும் நல்ல ஏற்பாடுகள் எழுத்தில் இருக்கின்றன. கட்டாயக் கல்வி விதிகளின்படி ஒவ்வொரு பகுதியிலும் பாடசாலை வரவுக் குழு இயங்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெற வழி உண்டு. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தொழிற்பாடங்களோடு தொடர்ந்து படிக்க, 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இல் 42 பாடசாலைகளில் தொடங்கியது. தோட்டத்துப் பெற்றோரில் எத்தனை பேர் இவற்றைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? கொள்கை கொழும்பில் பிறந்து பதுளைக்கு வரும்போது களைத்துவிடுகிறது. பதுளையிலிருந்து லயனுக்கு ஏறும்போது நின்றேவிடுகிறது. அந்தக் கடைசி ஏற்றத்தில் யாராவது கை கொடுக்க வேண்டும்.

அந்தக் கையாக நம் சங்கம் இருக்கலாம் என்பதே இன்று நாம் முன்வைக்கும் வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாக ஒரு வளைவு கட்டுவதா, மணிக்கூட்டுக் கோபுரமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் அழகானவைதாம். ஆனால் அதற்கு முன் நான்கு காரியங்களை உங்கள் சிந்தனைக்கு வைக்கிறோம்.

ஒன்று, ஆறாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு தோட்டத்துப் பிள்ளைக்கும் பயணச் செலவு. இது ஒரு வருடத்தோடு முடியாமல் பதினொராம் வகுப்பு வரை நீள வேண்டும்.

இரண்டு, ஐந்து நாள் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு அதே வாரத்தில் ஒரு பழைய மாணவி போக வேண்டும். ஒரு மாதம் கழித்துப் போனால் பிள்ளை கொழும்பில் இருக்கும். ஒவ்வொரு தோட்டத்திலும் நம்மில் ஒருத்தியாவது இருக்கிறாள். இதற்குக் காசு தேவையில்லை, கால் இருந்தால் போதும்.

மூன்று, கணிதத்தில் தவறிய பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வகுப்பு. நம்மிடையே ஓய்வுபெற்ற கணித ஆசிரியைகள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் இணையவழியில் உதவலாம். இதை நம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டும் வைக்காமல் சுற்றியுள்ள சிறு பாடசாலைகளுக்கும் திறந்துவிட வேண்டும்.

நான்காவது, நமக்கே உரியது. நம் சங்கத்தில் சேருவோரிடம் எந்த ஆண்டு பரீட்சை எழுதினீர்கள் என்று கேட்கிறோம். எட்டாம் வகுப்பில் நின்றவள் அந்தக் கேள்வியைப் பார்த்தே திரும்பிவிடுவாள். இந்த இடாப்பில் ஒரு நாளாவது பெயர் இருந்தவள் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். அந்தக் கேள்வியை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடுவோம். நின்றுபோனவர்களைத் தேடி அழைப்போம். பிள்ளை எந்த வாரத்தில், எதற்காக நிற்கிறது என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? அந்த அறிவு இல்லாமல் நாம் போடும் திட்டமும் கொழும்பிலிருந்து வரும் திட்டம்போலத்தான் ஆகும்.

2005இலிருந்து நம் கண்முன்னே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. பல்கலைக்கழகம் பதுளைக்கே வந்துவிட்டது. நமுனுகுலை மலையிலிருந்து பார்த்தால் பதுளை டவுன் முழுவதும் தெரியும். பார்க்கிற தூரத்தில் இருப்பது கைக்கு எட்டும் தூரத்திலும் இருக்க வேண்டும்.

வாங்கிலிருந்து எழுந்து போன அந்த இருவரையும் மறுபடி நினைக்கிறோம். ஒருத்தி இன்று ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மற்றவளைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம். உங்களில் யாருக்காவது தெரிந்தால், விழா முடிந்ததும் சங்கத்துச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த மகளின் பெயர் பதினொராம் வகுப்பு இடாப்பிலும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய பொறுப்பு.